சின்னப்பாருக்கு மேலே நின்ற வெளிச்சம்

இரண்டு பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு, அதன்மேல் கடல் வரைபடத்தை விரித்திருந்தார்கள். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலைக்கும் நான்கு தண்ணீர் பாட்டில். படத்தில் மூன்று குண்டூசிகள். இரண்டு குண்டூசிகளிலிருந்து சிவப்பு நூல் கிளம்பி, கடலுக்கு நடுவில் ஓரிடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனது. மூன்றாவது குண்டூசி மட்டும் நூல் இல்லாமல், கரையோரமாக, தனியாக நின்றது.

"இங்கன பாருங்கக்கா" என்றார் அந்த இளைய அதிகாரி. "கரையில நின்னு நீங்க கை காட்டுன திசை இந்த நூலு. சாயல்குடி உப்பளத்து ஆளுக காட்டுன திசை அந்த நூலு. ரெண்டும் கூடுற எடத்துலதான் அந்தப் பொருள் இருந்திருக்கணும். சரியா?"

"சரிங்க சார்."

"அப்ப, அது நேரா உச்சந்தலைக்கு மேல நின்னுச்சுன்னு சொல்ற வள்ளமும் அங்கனதான நின்னுருக்கணும்? அது ஏன் இம்புட்டுத் தள்ளி, கரையை ஒட்டி நிக்குது?"

அந்த மூன்றாவது குண்டூசி என் வீட்டுக்காரர்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். ரவிக்கைக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த காலண்டர் தாள் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுபோக வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு, வாசல்வரை வந்து, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

உரித்த நுங்கு

நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். வாடைக்காற்று ஓய்ந்து, தெற்கேயிருந்து வரும் சோழகக்காற்று இன்னும் எழும்பாத இடைநாட்கள். அப்போது எங்கள் கடல், தாம்பாளத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு. எனக்கு அதுவும் கவலைதான். கடல் இப்படி இருந்தால் ஆட்கள் தூரமாகப் போவார்கள்.

அக்காள்மடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே நடந்தால் எங்கள் குடியிருப்பு. அன்றைக்கு நானும் என் அண்ணன் மனைவி ரீத்தா மதினியும் மணலில் காயப்போட்டிருந்த நெத்திலியை அள்ளிக்கொண்டிருந்தோம். சூரியன் இறங்கிவிட்டது. ஆனாலும் எதிரில் நிற்கிற ஆளின் முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தது.

மதினிதான் முதலில் நிமிர்ந்தாள்.

"ஏ சகாயம், அங்கன பாரு. எவனோ நுங்கை உரிச்சு மேல வீசிட்டான்."

தென்கிழக்கே, கடலுக்கு மேலே, ஒரு வெளிச்சம். உண்மையிலேயே உரித்த நுங்கு மாதிரிதான் இருந்தது. நடுவில் வெள்ளை, ஓரத்தில் கண்ணாடி. விமானம் போல இரைச்சல் இல்லை. விளக்கு மினுங்கவில்லை. நகர்கிறதா, நிற்கிறதா என்றும் சொல்ல முடியவில்லை. கரையில் இருந்த பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றோம். ஒரு நாய் மட்டும் அதைப் பார்க்காமல் நெத்திலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்த நினைப்பு, இது எங்கே விழும் என்பதுதான். என் வீட்டுக்காரர் இன்னாசியும் கொழுந்தன் சூசையும் மத்தியானமே வள்ளத்தில் போயிருந்தார்கள். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் சொன்னது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே.

"எதுக்கு இப்படி நடுங்குற?" என்றாள் மதினி. "இன்னாசி அண்ணன் மேல விழுந்தா அதுக்குத்தான் சேதம்."

நான் நின்ற இடத்திலேயே ஜெபமாலையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். முழு மாலையும் சொல்லி முடிக்கிற நேரத்தில், அந்த வெளிச்சம் அடுப்புக்கங்கு மாதிரி சிவந்தது. பிறகு, யாரோ ஊதி அணைத்ததுபோல மெல்ல மங்கி இல்லாமல் போனது.

மறுநாள் காலையில் வள்ளம் வந்தது. என் வீட்டுக்காரர் மீன் கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே கதையை இறக்கினார்.

"தலைக்கு மேல, புள்ள! நேரா உச்சிக்கு மேல! அண்ணாந்து பாத்துக் கழுத்தே புடிச்சுக்கிருச்சு. கடல்ல சொறிமீன் மெதக்கும்ல, குடையை விரிச்ச கணக்கா, அதே மாதிரி. அடியில நூலு கணக்கா என்னமோ தொங்குச்சு. இந்தா நிக்கிறானே சூசை, வள்ளத்துக்குள்ள குப்புறப் படுத்துட்டான்."

"நான் ஒண்ணும் பயந்து படுக்கல. வலையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் சூசை.

"கண்ணை மூடிக்கிட்டா வலையைப் பாப்பாக?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கேட்டேன்: "எங்கன நின்னீங்க?"

"சின்னப்பாருதான்" என்றார், கூடையைத் தூக்கிக்கொண்டே.

எல்லா வள்ளமும் நிற்கிற இடம்

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. சின்னப்பார் எங்கள் கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே பத்து வள்ளம் நங்கூரம் போட்டால் பதினோராவது வள்ளத்துக்கு இடமில்லை.

ஆனால் எந்த அதிகாரி எந்த நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்டாலும், எங்கள் ஊர் வள்ளம் அத்தனையும் நின்ற இடம் சின்னப்பார். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அரசாங்கத்து நோட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் படித்தால், உலகத்திலேயே அதிகமாக மீன் பிடிபடுகிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்ணீருக்கு நடுவில் ஒரு கோடு இருக்கிறது. இந்தப் பக்கம் நம் நாடு, அந்தப் பக்கம் அவர்கள் நாடு. கோடு கண்ணுக்குத் தெரியாது. மீனுக்கும் தெரியாது. மீன் போகிற பக்கம் ஆட்களும் போய்விடுவார்கள். போனது தெரிந்தால் டோக்கனை நிறுத்திவிடுவார்கள். டோக்கன் என்பது கடலுக்குப் போவதற்கான சீட்டு. அது இல்லாமல் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ள முடியாது.

என் அண்ணன் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னார். புயலில் வலை போய்விட்டது, நிவாரணம் தருவதாகச் சொன்னார்கள். வலை எங்கே போனது என்று கேட்டதற்கு, போன இடத்தை அப்படியே சொல்லிவிட்டார். நிவாரணமும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு டோக்கனும் இல்லை. அந்த ஆறு மாதமும் அண்ணன் வாசலில் உட்கார்ந்து பழைய வலையைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தார். யாரோடும் பேசவில்லை. மதினியின் வாய் அவ்வளவு கூர்மையானது அந்த நாட்களில்தான். வீட்டில் யாராவது ஒருவர் பேச வேண்டுமே.

அதற்குப் பிறகு அண்ணன் தூரம் போவதே இல்லை. சின்னப்பாரில் நண்டு வலை போட்டுவிட்டு வந்துவிடுவார். ஊரில் நிஜமாகவே சின்னப்பாரில் நிற்கிற ஒரே வள்ளம் அவருடையதுதான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வள்ளத்தை விற்று இரண்டு வருஷம் ஆகிறது. அதோடு, அந்தப் பாரின் பெயர் சின்னப்பார் இல்லை. மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். பழக்கம் விடவில்லை.

தாளின் பின்பக்கம்

எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளை நான் எறிவதில்லை. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவேன். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை மணிவரைக்கும் போன் அடித்தது, எப்போது தொடர்பு போனது, எப்போது திரும்பினார். எழுதினால் ஒன்றும் ஆகிவிடாதுதான். எழுதாவிட்டால் கை நிலைகொள்ளாது.

இது சின்ன வயதிலேயே பிடித்த வியாதி. எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சை அன்று அப்பாவின் வள்ளம் வரவில்லை. முந்தின நாளே வந்திருக்க வேண்டும். கேள்வித்தாளில் முதல் கேள்வியைப் படித்தேன், இரண்டாவதைப் படித்தேன், எழுந்து கரைக்கு ஓடிவிட்டேன். மத்தியானம் அப்பா வந்தார். என்ஜின் கோளாறாம். பெரிய திருக்கை மீன் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி இறங்கினார். "ஏட்டி, பரீட்சை முடிஞ்சிருச்சா?" என்றார்.

பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. வகுப்பு டீச்சர் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்து காரணம் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்: எங்கள் வகுப்பு ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது. கடல் தெரியாது.

வெளிச்சம் வந்த மறுநாளும் வழக்கம்போல அவருடைய போனைச் சார்ஜில் போட எடுத்தேன். ஒரு மெசேஜ் வந்திருந்தது. ஆங்கிலம். எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் நாட்டுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று அந்தக் கரையின் போன் கம்பெனி அனுப்பியிருந்தது. அவர்கள் டவருக்குப் பக்கத்தில் போனால் போன் தானாகவே அதைப் பிடித்துக்கொள்ளும். வந்த நேரம் ஆறே முக்கால்.

நாங்கள் கரையில் அண்ணாந்து நின்ற நேரமும் ஆறே முக்கால்தான்.

தாளின் பின்பக்கத்தில் அதையும் எழுதினேன்: 'ஆறே முக்கால். அந்தக் கரை மெசேஜ்.' பிறகு மெசேஜை அழித்தேன். தாளை அழிக்க மனம் வரவில்லை.

படைக்காரர்கள் வந்தார்கள்

சாயல்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை முடித்துக் கிளம்பிய ஆட்களில் ஒருவர் அந்த வெளிச்சத்தைப் போனில் படம் பிடித்திருக்கிறார். அது டிவிவரைக்கும் போய்விட்டது. எல்லைப் பக்கம் வானத்தில் அடையாளம் தெரியாத பொருள் என்று எழுத்து ஓடியது. மூன்றாம் நாள் இரண்டு ஜீப்பில் படை அதிகாரிகள் எங்கள் ஊருக்கு வந்து புயல் காப்பகத்தில் இறங்கினார்கள். காப்பகத்துச் சாவி என்னிடம்தான் இருக்கும். பெருக்குவதும் நான்தான். அதனால் நடந்தது அத்தனையும் என் கண்ணெதிரே நடந்தது.

அவர்கள் வருவதற்கு முன்பே ஊர்த் தலைவர் கோயில் முற்றத்தில் எல்லாரையும் கூட்டினார். நீளமாகப் பேசவில்லை.

"பாத்ததைச் சொல்லுங்க. யாரும் தடுக்கல. ஆனா எங்கன நின்னீகன்னு கேட்டா?"

"சின்னப்பாரு" என்றது கூட்டம். ஜெபத்துக்குப் பதில் சொல்வதுபோல ஒரே குரலில்.

பெரிய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இளையவர்தான் கேட்டுச் சொன்னார். மரியாதையான பிள்ளை. பெண்களை ஒவ்வொருவராகக் கரைக்குக் கூட்டிப்போய், நின்ற இடத்திலேயே நிற்கவைத்து, திசையைக் காட்டச் சொன்னார். கையை நீட்டி முஷ்டியை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கச் சொன்னார். கடலிலிருந்து மூன்று முஷ்டி உயரம் என்று எல்லாருக்கும் வந்தது.

"எவ்வளவு நேரம் இருந்துச்சுக்கா?"

"ஒரு ஜெபமாலை நேரம் சார்."

அவர் சிரிக்கவில்லை. என்னை உட்காரவைத்து, போனில் நேரம் ஓடவிட்டு, முழு ஜெபமாலையும் சொல்லச் சொன்னார். மாலையில் பத்து மணிகள் உருண்டதும் நானே நிறுத்தினேன். "சார், அன்னைக்குப் பயத்துல சொன்னேன். இதைவிட வெரசாப் போகும்."

"அப்ப பயந்த மாதிரியே சொல்லுங்க."

"அது எனக்கு எப்பவும் வரும் சார்" என்றேன். மதினி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளை மிடுக்கு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலைக்கு மேல் நின்றதையும், சொறி மாதிரி இருந்ததையும், அடியில் நூல் தொங்கியதையும், கழுத்தைப் பின்னால் சாய்த்து நடித்தே காட்டினார். வேறு எந்த வள்ளத்துக்காரரும் அவ்வளவு சொல்லவில்லை. இளைய அதிகாரி ஆசையோடு எழுதிக்கொண்டார்.

"எந்த எடத்துல நின்னீங்கண்ணே?"

"சின்னப்பாரு சார்."

படத்தில் குண்டூசி குத்தினார். அங்கேதான் வந்தது வினை.

மூடிய கடல்

சின்னப்பாரில் நின்றவருக்குத் தலைக்கு மேல் என்றால், அதன் பக்கத்துக் கரையில் நின்ற எங்களுக்கும் கிட்டத்தட்டத் தலைக்கு மேல்தானே தெரிந்திருக்க வேண்டும்? நாங்களோ தூரத்தில், சாய்வாகப் பார்த்தோம் என்கிறோம். அப்படியானால் வெளிச்சம் ஒன்றா, இரண்டா? ஒன்றுதான் என்றால், அவ்வளவு தூரத்தை ஒரு நொடியில் தாண்டியிருக்க வேண்டும். அந்த வேகத்தில் போகிற எதுவும் எந்த நாட்டிடமும் இல்லையாம்.

பெரிய அதிகாரியின் முகம் மாறிவிட்டது. தலைக்கு மேல் நின்று அணைந்தது என்றால், அங்கேயே விழுந்திருக்கலாம் என்று நினைத்தார். மறுநாள் காலையில் சின்னப்பாரைச் சுற்றிப் படகுகள் தேட ஆரம்பித்தன. தேடி முடிக்கிறவரை எங்கள் கரையிலிருந்து யாரும் கடலுக்குள் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் ஆண்கள் சீட்டு விளையாடினார்கள். இரண்டாம் நாள் சண்டை போட்டார்கள். மூன்றாம் நாள் மதினி என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்கண்ணன் நண்டு வலை சின்னப்பாருலதான் கெடக்கு. பாக்குறாகளே தவிர எடுக்க விடமாட்டேங்குறாக. இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா அது வலை இல்ல, குப்பை." முந்தானையை இழுத்துச் செருகினாள். "மறுபடியும் வாசல்ல ஒக்காந்துட்டாரு, சகாயம்."

அவளிடம் கிண்டல் இல்லாத பேச்சை நான் கேட்டு வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

மத்தியானம் என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டேன். குழம்பை ஊற்றிவிட்டுக் கேட்டேன்.

"அன்னைக்கு ஒரு மெசேஜ் வந்துச்சே, பாத்தீங்களா?"

"எந்த மெசேஜு?"

"அந்த நாட்டுக்கு வாங்க வாங்கன்னு வரவேத்து வந்துச்சே."

கை சோற்றில் நின்றது. "அத நீ படிச்சியா?"

"எட்டாவது வரைக்கும் போனது அதுக்காச்சும் ஒதவுச்சு."

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். தண்ணீரை எடுத்துக் குடித்தார். நான் விடவில்லை.

"ஊருக்கு, ஆபீசருக்கு, எல்லாருக்கும் சின்னப்பாருன்னு சொல்லுங்க. எங்கிட்டயுமா?"

"ஒங்கிட்ட நெசத்தைச் சொன்னா நீ தூங்குவியா?"

"இப்ப மட்டும் தூங்குறேனாக்கும்?"

சோற்றை அளைந்தபடி இருந்தார். "இப்ப என்ன செய்யணுங்கற? நான் போயி எல்லை தாண்டுனேன்னு எழுதிக் குடுக்கவா? ஒங்கண்ணன் ஒக்காந்த மாதிரி நானும் ஆறு மாசம் ஒக்காரணுமா?"

"அவுக நீங்க நிக்காத எடத்துல தேடிக்கிட்டு இருக்காக."

"தேடட்டும். தேடுனா அலுத்துப் போயிருவாக. நீ வாயைத் தொறக்காத. அம்புட்டுத்தான்."

கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. ஒரு பக்கம் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் இன்னொரு பக்கம் இவரும் உட்கார்ந்துவிடுவார். என் கவலைகள் வழக்கமாக நடக்காத விஷயத்துக்குத்தான் வரும். இந்தத் தடவை இரண்டுமே நிஜம்.

குண்டூசி

மறுநாள் காலையில்தான் காப்பகத்தில் அந்த மூன்று குண்டூசிகளுக்கு முன்னால் நின்றேன். பெரிய அதிகாரி வெளியே ஜீப்பின் பக்கத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே இளையவரும் நானும் மட்டும்.

தாளை எடுத்து நீட்டினேன்.

பிரித்துப் படித்தார். "ரெண்டே காலுக்குக் கெளம்பினாக. நாலுமணி வரைக்கும் போன் அடிக்குது. நாலரைக்கு எல்லைக்கு வெளியே. அஞ்சு, வெளியே. அஞ்சரை, வெளியே. ஆறு, வெளியே." நிறுத்தினார். "ஆறே முக்கால். அந்தக் கரை மெசேஜ்." என்னைப் பார்த்தார். "இது யாரு எழுதுனது?"

"நான்தான் சார். பயத்துக்கு எழுதுறது."

"தெனமுமா?"

"தெனமும்."

அவர் தாளைக் கீழே வைக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அதிகாரியின் பேச்சு போய், வீட்டுப் பிள்ளையின் பேச்சு வந்தது.

"எனக்கு நயினார்கோவில் பக்கம்கா. எங்கய்யா விவசாயி. வறட்சிப் பணம் குடுக்குறாகன்னு கணக்கெடுக்க வருவாக. மழை பெஞ்சுச்சான்னு கேப்பாக. எங்கய்யா மட்டுமில்ல, ஊரே சொல்லும், ஒரு பொட்டுகூட விழலன்னு. ஒரு தடவை அப்படிச் சொல்றப்ப வெளிய மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு. எங்கய்யா சட்டையைப் பிழிஞ்சுக்கிட்டே சொல்றாரு, 'இந்த வருஷம் மழையே இல்லைங்க.'"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்துவிட்டது.

"டோக்கனை நிறுத்திருவாக சார். எங்கண்ணனுக்கு நிறுத்துனாக. ஒரு உண்மைக்கு ஆறு மாசம் ஒக்காந்திருந்தாரு. ஆனா இப்ப ஊரே ஒக்காந்திருக்கு."

அவர் மூன்றாவது குண்டூசியைப் பிடுங்கினார். நூல்கள் இரண்டும் கூடுகிற இடத்துக்கு மேலே அதைக் கொண்டுபோனார். சரியாக அங்கே பொருந்தும் என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. குத்துவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெபமாலை தானாக மனதில் ஓடியது, பயந்த வேகத்தில்.

குண்டூசியைப் படத்தில் குத்தாமல், டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"வள்ளத்துல இருந்தவுகளுக்கு எடம் சரியாச் சொல்லத் தெரியல. அதனால அவுக சாட்சியை எடுத்துக்கலன்னு எழுதிருவேன். மிச்சம் இருக்குற ரெண்டு நூலு போதும். அது கூடுற எடம் நம்ம கோட்டுக்கு வெளிய இருக்கு. அங்கன போயி நாம தேட முடியாது. சின்னப்பாருல தேட வேண்டிய வேலையும் இல்ல."

தாளை நான் கொடுத்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பித் தந்தார். "இதை நான் பாக்கலக்கா."

வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினேன். "அப்ப அது என்னதான் சார்?"

"தெரியல. ஆனா வேகமே இல்ல. மேல அடிக்கிற காத்தோட காத்தாப் போயிருக்கு. பெரிய பலூனா இருக்கலாம்னு எனக்குத் தோணுது. கீழ நமக்குப் பொழுது அடைஞ்சாலும் அவ்வளவு ஒசரத்துல இருக்குறதுக்கு வெயில் இருக்கும். அதுக்கும் பொழுது அடையிறப்ப செவந்து அணைஞ்சு போகும்."

"அடியில நூலு தொங்குச்சுன்னாரே எங்க வீட்டுக்காரரு?"

"பலூனா இருந்தா தொங்கும்" என்றார். "அவருதான் எல்லாரையும்விட நல்லாப் பாத்திருக்காரு. அதைத்தான் எழுத முடியாது."

இரண்டேகால் மணி

மறுநாள் கடல் திறந்தது. அண்ணன் நண்டு வலையை இழுத்து வந்தார். பாதி வலை போயிருந்தது. மீதிப் பாதியை மடியில் போட்டுக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார். மதினிக்குப் பழைய வாய் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"அண்ணே, நீங்க ஒண்ணையும் பாக்கலையாம்ல? தலைவர்கிட்டச் சொல்லிட்டுப் போயிருக்காக. இன்னாசி வள்ளம் கணக்குலயே இல்லையாம்."

அவர் முகம் சுருங்கியதை நான் மறக்கவில்லை. "என்னது? நான் பாக்கலையா? கரையில நின்ன நீங்கள்லாம் பாத்தீக, நான் பாக்கலையா? அந்த நூலு தொங்குனதை வேற எவன் பாத்தான்? ஏலே சூசை, சொல்லுடா!"

"நான் வலையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் சூசை.

ஊரே ஒரு மாதம் சிரித்தது. அவரும் ஒரு மாதம் எல்லாரிடமும் வாதாடினார். வாதாட வாதாட எனக்கு நிம்மதி. டோக்கன் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. ஏன் தன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அவர் என்னிடம் மட்டும் கேட்கவேயில்லை. காலண்டர் தாள்களைக் குத்தி வைத்திருக்கும் ஆணியில், எட்டாக மடித்த தடம் விழுந்த அந்த ஒரு தாளை ஒருநாள் நின்று பார்த்தார். அதோடு வாதாடுவதும் நின்றது.

அதற்குப் பிறகு ஒருநாள். கடல் மறுபடியும் தாம்பாளத் தண்ணீர் மாதிரி கிடந்தது. சாப்பாட்டுத் தூக்கையும் தண்ணீர் கேனையும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர், வாசல் படலைத் திறந்துவிட்டு நின்றார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"ஏ புள்ள. இன்னைக்குத் தள்ளித்தான் போறோம். கோட்டுக்கிட்ட. மீன் அங்கனதான் நிக்குதாம். விடியமுன்ன வந்துருவேன்."

"சரி" என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் எங்கே நிற்பார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தூங்கமாட்டேன் என்பதும் தெரிந்தது.

அவர் தலை மறைந்ததும் காலண்டர் தாளைக் கிழித்தேன். பின்பக்கம் திருப்பிப் பென்சிலை எடுத்தேன். 'ரெண்டே காலுக்குக் கெளம்பினாக' என்று எழுதினேன். அதுவரைக்கும் நேரம் மட்டும்தான் எழுதுவேன். அன்றைக்குப் பக்கத்தில் இடத்தையும் எழுதினேன்.

சின்னப்பார்.